பாட்டுக்குள் ஒரு நாடகக்காரர்: ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் 'வாலி' ஆன கதை

ஸ்ரீரங்கத்தில் ஏதாவது ஒரு தெருமுனையில் நின்று "ரங்கராஜா!" என்று கூப்பிட்டுப் பாருங்கள். நாலு பேராவது திரும்புவார்கள். பெருமாள் பெயரே ரங்கநாதன் என்னும்போது, தெருவுக்கு நாலு ரங்கராஜன் இருப்பதில் ஆச்சரியம் என்ன?

அப்படிப்பட்ட ஊரிலிருந்து இரண்டு ரங்கராஜன்கள் தமிழ்நாட்டுக்கே தெரிந்தவர்கள் ஆனார்கள். வேடிக்கை என்னவென்றால், இருவருமே அந்தப் பெயரை வீட்டில் விட்டுவிட்டுத்தான் புகழ்பெற்றார்கள். ஒருவர் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். இன்னொருவர் ராமாயணத்தில் வரும் பெயரோடு வாலி ஆனார்.

இந்த வார 'ஊரும் பேரும்' பகுதியில் வாலி.

வாலி என்றால் சினிமாப் பாட்டு என்று உடனே சொல்லிவிடுவோம். தாத்தாவுக்கு எம்.ஜி.ஆர். பாட்டு, அப்பாவுக்கு 'மௌன ராகம்', அக்காவுக்கு 'காதலன்', நமக்கு ரீல்ஸில் வரும் ஏதோ நாலு வரி. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கும் பாட்டு எழுதிக் கொடுத்தவர். ஆனால் சினிமாவுக்குப் போவதற்கு முன்னால் அவர் திருச்சி வானொலிக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார் என்பது பலருக்கு நினைவில் இல்லை. அவருடைய பாட்டு ஏன் அப்படி இருக்கிறது, ஏன் ஐம்பது வருடம் தாக்குப்பிடித்தது என்பதற்கு விடையே அந்தத் திருச்சி நாட்களில்தான் இருக்கிறது என்பது என் கட்சி. ஒத்துக்கொள்கிறீர்களா என்று கடைசியில் சொல்லுங்கள்.

மொட்டைக் கோபுரத்து ஊர்

1931 அக்டோபர் 29-ல் பிறந்தார் டி.எஸ்.ரங்கராஜன். அப்பா ஸ்ரீனிவாசன், அம்மா பொன்னம்மாள். பிறந்த ஊர் திருச்சிக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கும் திருப்பராய்த்துறை. வளர்ந்தது ஸ்ரீரங்கம்.

இன்று ஸ்ரீரங்கம் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது 236 அடி ராஜகோபுரத்தைத்தான். வாலி சிறுவனாக இருந்தபோது அது கிடையாது. நூற்றாண்டுகளாக முடிக்கப்படாமல் கிடந்த 'மொட்டைக் கோபுரம்'தான் நின்றது. 1987-ல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. அதற்குள் அந்தச் சிறுவன் ஐம்பத்தைந்து வயதுக்காரராகி, எம்.ஜி.ஆர்., சிவாஜி, கமல், ரஜினி எல்லோருக்கும் எழுதி முடித்திருந்தார்.

கோபுரம் பாதியில் நின்றாலும், கோயிலுக்குள் ஒரு கலை தொடர்ந்து நடந்துகொண்டே இருந்தது. அரையர் சேவை. மார்கழியில் வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய பகல்பத்து, இராப்பத்து நாட்களில், தலையில் கூம்பு வடிவக் குல்லாய், கையில் தாளம் சகிதம் அரையர்கள் வந்து நிற்பார்கள். ஆழ்வார் பாசுரத்தை இசையோடு பாடுவார்கள். பிறகு அதே பாசுரத்தை அபிநயம் பிடித்து நடித்துக் காட்டுவார்கள். அப்புறம் அதற்கு விளக்கமும் சொல்வார்கள். ஒரே ஆள்தான். ஆனால் ஒரு பாசுரத்தில் தாயாகப் பேசுவார், இன்னொன்றில் மகளாகப் பேசுவார்.

கம்பர் தன் ராமாயணத்தை அரங்கேற்றியதும் இதே கோயிலில்தான் என்பது ஊர் நம்பிக்கை. தாயார் சன்னதி அருகே அதற்கென ஒரு மண்டபத்தையே காட்டுவார்கள். கவிதை என்றால் புத்தகத்தில் இருப்பது என்று மற்ற ஊர்ப் பிள்ளைகள் நினைக்கலாம். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்குக் கவிதை என்றால் ஒருவர் நாலு பேர் முன்னால் நின்று, இன்னொருவராக மாறிப் பேசுவது.

வால் முளைத்த கதை

ரங்கராஜனுக்கு முதல் ஆசை கவிதை இல்லை, ஓவியம். ஆனந்த விகடனில் கேலிச்சித்திரங்களால் கலக்கிக்கொண்டிருந்த மாலியைப் போல வர வேண்டும் என்பது கனவு. 'மாலிக்கு ஜோடியாக நீ வாலி என்று வைத்துக்கொள்ளேன்' என்று பள்ளித் தோழர் ஒருவர் யோசனை சொல்ல, அதுவே நிலைத்துவிட்டது. சென்னை ஓவியப் பள்ளியிலும் ஒரு வருடம் படித்தார். ஓவியம் பாதியில் நின்றது. பெயர் மட்டும் கடைசிவரை கூட வந்தது.

எதிரே நிற்பவரின் பலத்தில் பாதி வாலிக்குப் போய்விடும் என்பது புராணம். இந்த வாலிக்கும் அது பொருந்தும். எதிரே எம்.ஜி.ஆர். நின்றால் அவருடைய மிடுக்கு, நாகேஷ் நின்றால் அவருடைய குறும்பு, அப்படியே பாட்டுக்குள் இறங்கிவிடும்.

மாணவராக இருந்தபோதே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'நேதாஜி' என்று ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். கையெழுத்துப் பத்திரிகை என்றால் இன்றைய பிள்ளைகளுக்குப் புரியாமல் போகலாம். அச்சு கிடையாது. ஒரே ஒரு பிரதி. கதை, கவிதை, படம் எல்லாம் கையால் எழுதி, வரைந்து, தைத்து, வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார்கள். படித்தவர் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் காலத்து வாட்ஸ்அப் குரூப் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த 'நேதாஜி'யின் முதல் பிரதியை வெளியிட்டவர் எழுத்தாளர் கல்கி. அந்தக் குழுவில் இருந்த சின்னப் பையன்களில் ஒருவர், நான்கு வயது இளையவரான இன்னொரு ரங்கராஜன். ஆமாம், பிற்காலத்து சுஜாதா.

காற்றில் போன நாடகங்கள்

திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது 1939 மே 16-ல். சென்னைக்கு அடுத்த வருடமே திருச்சிக்கும் கிடைத்துவிட்டது. காவிரி டெல்டா முழுக்க அதன் குரல்தான் கேட்கும். எழுதத் தெரிந்த, பாடத் தெரிந்த, நடிக்கத் தெரிந்த உள்ளூர்க்காரர்களுக்கு அது பெரிய வாசல். சென்னைக்கு ரயில் ஏறாமலேயே ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் போய்விடலாம்.

'நேதாஜி'யைப் பார்த்த வானொலி அதிகாரி ஒருவர் மூலமாக வாலிக்கு அந்த வாசல் திறந்தது. கதைகள் எழுதினார். நாடகங்கள் எழுதினார்.

வானொலி நாடகம் எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். மேடை கிடையாது, முகம் கிடையாது, வேஷம் கிடையாது. 'இவர் பணக்காரர்' என்று காட்டப் பட்டு வேட்டி கட்டிவிட முடியாது. வாயைத் திறந்த முதல் வரியிலேயே பேசுகிறவர் யார், வயது என்ன, எந்த ஊர், கோபமா சந்தோஷமா எல்லாம் கேட்கிறவருக்குத் தெரிந்துவிட வேண்டும். இல்லையென்றால் அடுப்படியில் வேலையாக இருக்கும் அம்மா ரேடியோவை நிறுத்திவிடுவார்.

அந்தக் காலத்தில் வானொலி நாடகங்கள் பெரும்பாலும் நேரடி ஒலிபரப்பு. நடிகர்கள் மைக் முன்னால் நின்று பேசுவார்கள், அது அப்படியே காற்றில் போய்விடும். வாலியின் பாட்டு வேண்டும் என்றால் இன்று யூடியூபில் ஒரு நொடியில் வந்துவிடும். அவருக்கு அந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த நாடகங்களை அப்படித் தேடி எடுக்க முடியாது. 1953-ல் சுஜாதாவின் முதல் கதை திருச்சியிலிருந்து வந்த 'சிவாஜி' இதழில் வெளியானது. கவிஞர் திருலோக சீதாராம் நடத்திய பத்திரிகை அது. அந்த இதழின் பிரதியைப் பின்னாளில் சுஜாதாவே தேடிக்கொண்டிருந்தார். அச்சில் வந்ததற்கே அந்த கதி என்றால், காற்றில் போனதைக் கேட்கவா வேண்டும்?

ஆனால் கற்றுக்கொண்டது போகவில்லை. அது பாட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

தபால் கார்டும் ஒரு மூட்டையும்

திருச்சியில் இருந்தபோதே ஒரு துணிச்சல் செய்தார் வாலி. ஒரு முருகன் பாட்டை எழுதி, தபால் கார்டில் டி.எம்.சௌந்தரராஜனுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ். அப்போதே பெரிய பாடகர். வந்த கார்டை ஓரமாகப் போடாமல், மெட்டுப் போட்டுப் பாடியே விட்டார். அவருடைய முருகன் பாடல்களில் இன்றைக்கும் கோயில் ஒலிபெருக்கிகளில் கேட்கும் பாட்டுகளில் ஒன்று அது. ஸ்ரீரங்கத்து வைணவப் பையன் முருகனுக்கு உருகி எழுதியதிலேயே தெரிகிறதல்லவா, யார் குரலிலும் இவரால் பேச முடியும் என்று?

டி.எம்.எஸ். கொடுத்த தைரியத்தில் சென்னைக்கு வந்தார். 1950-களின் கடைசியில் 'அழகர்மலைக் கள்வன்' படத்தில் முதல் வாய்ப்பு. அதற்குப் பிறகு வாய்ப்புகள் வரிசை கட்டி நிற்கவில்லை. தி.நகர் கிளப் ஹவுஸில் அறை. நாகேஷும் ஸ்ரீகாந்தும் அந்த நாட்களின் சிநேகிதர்கள். மூன்று பேரிடமும் திறமை நிறைய, காசு கொஞ்சம்.

முப்பது வயதைத் தொட்டாயிற்று. கண்ணதாசன் உச்சத்தில் இருந்த நேரம். இனி சரிப்படாது, மதுரைக்குப் போய் ஒரு வேலையில் சேர்ந்துவிடலாம் என்று வாலி மூட்டை கட்டிவிட்டார். அந்தச் சமயத்தில்தான் பாடகர் பி.பி.ஸ்ரீனிவாஸ், தான் பாடிய ஒரு புதுப் பாட்டை அவருக்குப் பாடிக் காட்டினார். 1962-ல் வந்த 'சுமைதாங்கி' படத்துக்காகக் கண்ணதாசன் எழுதியது. கஷ்டத்தில் இருக்கும் ஒருவன் தனக்குத்தானே ஆறுதல் சொல்லிக்கொள்ளும் பாட்டு. அதைக் கேட்ட வாலி மூட்டையை அவிழ்த்துவிட்டார். இதை அவரே மேடைக்கு மேடை சொல்லியிருக்கிறார்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. யாருடைய புகழைப் பார்த்து நமக்கு இங்கே இடமில்லை என்று கிளம்பினாரோ, அவருடைய வரிகள்தான் அவரைத் தடுத்து நிறுத்தின. போட்டியாளரின் பாட்டைக் கேட்டு 'இவர் இருக்கும்போது நாம் எதற்கு' என்று நினைக்கலாம். 'ஒரு பாட்டால் இவ்வளவு செய்ய முடியுமா, அப்படியென்றால் நாமும் இருப்போம்' என்றும் நினைக்கலாம். வாலி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

மறு வருடமே, 1963-ல், கே.எஸ்.கோபாலகிருஷ்ணனின் 'கற்பகம்'. எம்.எஸ்.விஸ்வநாதன் - ராமமூர்த்தி இசை. எல்லாப் பாட்டும் வாலி. அதற்கப்புறம் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பேசுவது யார்?

இப்போது நான் சொன்ன கட்சிக்கு வருகிறேன். வாலியின் பாட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், 'பேசுவது யார்' என்று தெரிந்துவிடும். மூன்று சாட்சிகள் சொல்கிறேன்.

முதல் சாட்சி, 1965-ல் வந்த 'எங்க வீட்டுப் பிள்ளை'. எம்.ஜி.ஆருக்கு இரட்டை வேடம். பயந்த சுபாவமுள்ள அண்ணன் அடிவாங்கிய வீட்டுக்குள், தைரியசாலியான இன்னொருவன் வந்து நின்று சாட்டையை எடுக்கிறான். அந்தச் சாட்டைப் பாட்டு, கதைப்படி பார்த்தால், ஒரு வீட்டுக்குள் நம்பியாரைப் பார்த்துப் பேசும் வசனம். ஆனால் தியேட்டரில் இருந்தவர்கள் அதை எம்.ஜி.ஆர். என்ற மனிதர் தங்களுக்குக் கொடுத்த வாக்குறுதியாகக் கேட்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, 1977-ல் அவர் முதலமைச்சரே ஆனார். ஒரு வசனம், பாத்திரத்துக்கும் பொருந்தி, நடிகருக்கும் பொருந்தி, சபைக்கும் பொருந்துவது சாதாரண விஷயமா?

இரண்டாவது சாட்சி, 1968-ன் 'உயர்ந்த மனிதன்'. வசதியான சிவாஜியும், பழைய நண்பர் மேஜர் சுந்தரராஜனும் பள்ளிக்கூட நாட்களை நினைத்துக்கொண்டு நடக்கும் பாட்டு. டி.எம்.எஸ். பாடுவார், நடுநடுவே இருவரும் பேசுவார்கள், மூச்சு வாங்கும், மறுபடி பாட்டு. எங்கே வசனம் முடிந்து பாட்டு ஆரம்பிக்கிறது என்று கோடு போட முடியாது. சிரிப்பில் ஆரம்பித்து, 'அன்றைய சந்தோஷம் இன்று எங்கே போச்சு' என்ற ஏக்கத்தில் முடியும். நாலு நிமிடத்தில் ஒரு முழு நாடகம். படம் பார்க்காமல் ரேடியோவில் கேட்டாலும் புரியும்.

மூன்றாவது சாட்சிதான் என் துருப்புச் சீட்டு. அதே 1968-ல் வந்த பாலசந்தரின் 'எதிர் நீச்சல்'. மேடையில் வெற்றி பெற்று, பிறகு படமான நாடகம் அது. அதில் கிட்டு - பட்டு என்று ஒரு தம்பதி. ஸ்ரீகாந்தும் சௌகார் ஜானகியும். பக்கத்து வீட்டு அம்மாளுக்கு அவள் வீட்டுக்காரர் வாங்கிக் கொடுப்பதைப் பார்த்தீர்களா என்று பட்டு குத்திக்காட்ட, கிட்டு சமாளிக்க, பாட்டு முழுக்க அக்ரகாரத்துப் பேச்சு. டி.எம்.எஸ்ஸும் சுசீலாவும் பாடியிருப்பார்கள். சித்திரை வீதியிலோ உத்திர வீதியிலோ ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் ஒட்டுக்கேட்டது மாதிரியே இருக்கும். இலக்கிய நயம் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஆனால் மாதச் சம்பளத்துக்குள் அடங்காத ஆசையும், அதைச் சொன்னால் வீட்டுக்காரர் மனம் நோகுமோ என்ற யோசனையும், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியாத அந்த நாக்கும் அதில் இருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகியும் நம் வீடுகளில் அந்தச் சண்டை முடியவில்லையே!

கிளப் ஹவுஸ் நண்பர்கள் மூன்று பேரும் இந்தப் படத்தில் ஒன்றாக இருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள். கதாநாயகன் நாகேஷ், கிட்டு மாமா ஸ்ரீகாந்த், பாட்டு வாலி.

சாட்சிகளை இன்னும் அடுக்கலாம். 'படகோட்டி'யில் மீனவர், 'அபூர்வ சகோதரர்க'ளில் காதலில் தோற்றுப்போகும் குள்ளமான அப்பு, 'தசாவதார'த்தில் பெருமாளுக்காக உயிரைக் கொடுக்கும் ரங்கராஜன் நம்பி. அந்தக் கடைசிப் பாத்திரத்தின் பெயரைக் கவனித்தீர்களா? வீட்டில் விட்டுவிட்டு வந்த பெயரே எழுபத்தாறு வயதில் அவரைத் தேடி வந்து, எனக்கு ஒரு பாட்டு எழுது என்று கேட்டிருக்கிறது!

ஒரு குற்றச்சாட்டு

வாலியைப் பற்றி ஒரு குறை எப்போதும் சொல்வார்கள். அவருக்கென்று ஒரு குரல் இல்லை, யார் எதைக் கேட்டாலும் எழுதிக்கொடுப்பார் என்று. பக்திப் பாட்டும் எழுதினார், இரட்டை அர்த்தப் பாட்டும் எழுதினார். அம்மா பாட்டும் அவர்தான், 'முக்காபுலா'வும் அவர்தான்.

கவிஞராக மட்டும் அவரைப் பார்த்தால் இந்தக் குறைக்குப் பதில் சொல்வது கஷ்டம். கவிஞரிடம் 'உன் கருத்து என்ன' என்று கேட்கிறோம். நாடகக்காரரிடம் அப்படிக் கேட்பதில்லை. வில்லனுக்கு வசனம் எழுதியவரை யாரும் வில்லன் என்று சொல்வதில்லையே. பாத்திரத்துக்குச் சரியாகப் பேச்சு அமைந்ததா என்றுதான் பார்க்கிறோம்.

அதற்காக எல்லாவற்றையும் நியாயப்படுத்த நான் வரவில்லை. பெண்ணை ஒரு பொருளாகப் பார்க்கும் சில பாட்டுகளை இன்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து கேட்க முடியாது. இந்த நாடகக்காரர் கணக்கை வைத்துப் பார்த்தாலே அது ஏன் என்றும் புரியும். படத்தில் பாத்திரம் உயிரோடு இருந்தபோது வாலியின் பாட்டு உயிரோடு இருந்தது. பாத்திரமே இல்லாமல் வெறும் ஆட்டம் மட்டும் இருந்த இடத்தில், பாட்டில் சாமர்த்தியம் மட்டும் மிஞ்சியது.

வாலி எழுதிய ராமாயணம்

சொந்தக் குரலில் அவர் எழுதியது எது என்று கேட்டால், ஆனந்த விகடனில் தொடராக வந்த 'அவதார புருஷன்' என்பேன். ராமாயணத்தைப் புதுக்கவிதை நடையில் சொன்னார். ராமன் மறைந்திருந்து அம்பு விட்டது வாலி மேல். அந்தப் பெயரை வைத்துக்கொண்டவரே ராமனுக்குக் காவியம் எழுதினார். கம்பர் மண்டபம் இருக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளை வேறு எங்கே போய்ச் சேருவார்? மகாபாரதத்தைப் 'பாண்டவர் பூமி'யாக எழுதினார். விகடனில் மாலி மாதிரி படம் போட ஆசைப்பட்டவர், அதே விகடனுக்குக் காவியத்தோடு வந்து சேர்ந்ததும் ஒரு கணக்குத் தீர்த்த மாதிரிதான்.

நடிக்கவும் செய்தார். 1983-ல் பாலசந்தரின் 'பொய்க்கால் குதிரை', அப்புறம் 'ஹே ராம்', 'பார்த்தாலே பரவசம்'. 2007-ல் பத்மஸ்ரீ வந்தது. 2013 ஜூலை 18-ல், 81 வயதில் சென்னையில் மறைந்தார்.

அவர் மறைந்த பிறகு, 2014-ல், வசந்தபாலனின் 'காவியத்தலைவன்' வெளியானது. ஏ.ஆர்.ரஹ்மான் இசை. வாலி எழுதிவைத்துவிட்டுப் போன பாட்டும் அதில் உண்டு. படத்தின் கதை என்ன தெரியுமா? பழைய காலத்து நாடகக் கம்பெனி. நாடகத்தில் தொடங்கியவரின் பாட்டு கடைசியாக நாடக மேடைக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்த வாரம் நேரம் கிடைத்தால், மேலே சொன்ன மூன்று பாட்டையும் படம் பார்க்காமல் காதில் மட்டும் கேளுங்கள். வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் இருந்தால் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, திருச்சி வானொலியில் கேட்ட நாடகம் ஏதாவது ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஞாபகம் இருந்தால், அவர்கள் சொல்லச் சொல்ல போனில் பதிவு செய்துவிடுங்கள். காற்றில் போனதில் கொஞ்சம் அவர்களிடம் தங்கியிருக்கலாம்.

அடுத்த வாரம் வேறு ஓர் ஊர், வேறு ஒரு பேரோடு சந்திப்போம்.